காட்டுத்தீயும் உண்ணிச்செடியும்: நீலகிரி அடிவாரக் காடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரி பிறந்துவிட்டால் முதுமலை, பந்திப்பூர், சத்தியமங்கலம் பக்கம் போய்வருகிறவர்களிடமிருந்து கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். சாலையோரம் எல்லாம் கரிந்து கிடக்கிறதே, யார் வைத்தது? காடு இனி அவ்வளவுதானா? மரம் நட நாங்கள் வரலாமா? சில ஆண்டுகளாக நீலகிரி அடிவாரத்தில் தன்னார்வலர்களோடு சேர்ந்து, காட்டை மூடிவரும் உண்ணிச்செடி (லாண்டனா) என்ற அயல்நாட்டுக் களையை எடுக்கும் வேலையில் இருக்கிறேன். அங்கே பார்த்ததையும், இந்தக் காடுகளில் பல பத்தாண்டுகளாக ஆய்வு செய்தவர்கள் கண்டறிந்ததையும் சேர்த்து, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மூங்கில் உரசித்தானே காடு பற்றிக்கொள்கிறது?

நானும் சின்ன வயதில் அப்படிக் கேட்டு வளர்ந்தவன்தான். காற்றில் மூங்கில்கள் உரசிக் கிறீச்சிடுவதைக் கேட்டால் நம்பவும் தோன்றும். ஆனால் நம் பக்கத்துக் காடுகளில் தீப்பிடிப்பதற்கு அநேகமாக எப்போதும் மனிதக் கைதான் காரணம். மின்னலால் தீ வரலாம். ஆனால் இங்கே இடி, மின்னல் வருவது ஏப்ரல், மே மாதங்களில், கோடை மழையோடு சேர்ந்து. அதற்கு முன்பே, பிப்ரவரியிலும் மார்ச்சிலும், மேகமே இல்லாத நாட்களில் காடு எரிகிறது.

மூங்கிலுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, ஆனால் உரசுவதால் அல்ல. மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, கூட்டமாகவே செத்துப்போகும். காய்ந்த கழிகள் சாய்ந்து குவிந்து கிடக்கும் இடத்தில் ஒரு பொறி விழுந்தால் போதும்.

சரி, தீ வைப்பது யார்? எதற்காக?

ஒரே ஆள், ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. மாடு மேய்ப்பவர் பழைய புல்லைக் கொளுத்தினால் அடுத்த மழைக்கு இளம்புல் வரும். தேன் எடுக்கப் போனவரின் பந்தத்திலிருந்து பொறி சிதறும். தோட்டத்து வரப்பில் குப்பையைக் கொளுத்தியவர் அணைக்காமல் வீட்டுக்குப் போய்விடுவார். நெடுஞ்சாலையில் போகும் காரிலிருந்து பீடியோ சிகரெட்டோ வந்து விழும். வனத்துறைமீது இருக்கும் கோபத்தில் வைக்கப்படும் தீயும் உண்டு. மேய்ச்சல் மறுக்கப்பட்ட இடத்திலும் வழக்குப் போடப்பட்ட ஊரிலும் இது நடக்கிறது. இதை மறைத்துப் பேசிப் பயனில்லை.

தீ என்றாலே காட்டுக்குக் கெடுதல்தானா?

எந்தக் காடு, எந்த மாதம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று கேட்டால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

முதுமலையின் பெரும்பகுதி இலையுதிர் காடு. கோடையில் தேக்கு, வெண்தேக்கு, வேங்கை, கருமருது எல்லாம் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். கீழே முழங்கால் அளவு சருகும் காய்ந்த புல்லும் கிடக்கும். இங்கே தீ தரையோடு ஓடும், மரத்தின் உச்சிக்கு ஏறாது. கருமருதின் பட்டையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். முதலைத்தோல் போலக் கட்டம் கட்டமாக, கனமாக இருக்கும். தரைத்தீ அந்தப் பட்டையைக் கருக்கிவிட்டுப் போகும், உள்ளே இருக்கும் உயிரைத் தொடாது. சாவது விரல் பருமன், மணிக்கட்டுப் பருமன் உள்ள இளங்கன்றுகள்தான். அவற்றிலும் பல, மேலே கரிந்தாலும் வேரில் உயிர் வைத்திருந்து அடுத்த மழைக்குத் துளிர்க்கும்.

அப்படித் துளிர்த்த தளிர் பட்டை தடிக்கும்வரை வளர வேண்டும், அதற்குச் சில ஆண்டுகள் தீ வராமல் இருக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். முதுமலையின் தீப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் இடம் சுமார் 10 ஆண்டுக்கு ஒருமுறை எரிந்தது என்றும், 1989-க்குப் பிறகான பதிவுகளில் அது சுமார் 3 ஆண்டுக்கு ஒருமுறை ஆகிவிட்டது என்றும் கண்டார்கள். மூன்று ஆண்டில் ஒரு வேங்கைக் கன்றால் தப்பிக்கும் உயரத்தை எட்ட முடியாது. துளிர்த்துக் கருகி, மறுபடி துளிர்த்துக் கருகி, கடைசியில் வேரும் ஓய்ந்துவிடும். பெரிய மரங்கள் நிற்பதால் சாலையிலிருந்து பார்ப்பவருக்குக் காடு நன்றாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் அந்த மரங்களின் இடத்துக்கு வர வேண்டிய அடுத்த தலைமுறை கீழே இருக்காது. இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழுவினர் 1988 முதல் முதுமலையில் 50 ஹெக்டேர் நிலத்தில் மரம் மரமாக எண் கட்டி அளந்து வருவதால்தான் இதையெல்லாம் ஊகமாக இல்லாமல் பேச முடிகிறது.

சோலைக்காடும் மழைக்காடும் வேறு. அங்குள்ள மரங்களின் பட்டை மெல்லியது. ஒரு சிறிய தீ புகுந்தாலும் பெரிய மரமே சாகும்.

உண்ணிச்செடிக்கும் தீக்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

உண்ணிச்செடி நம் ஊர்ச் செடி இல்லை. நடு அமெரிக்கா, தென் அமெரிக்காவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூவுக்காகக் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டது. பிறகு வேலியாகப் பரவியது. அதன் கறுப்புப் பழத்தைச் சின்னான் போன்ற பறவைகள் தின்று காடெங்கும் விதை போட்டன. இலையில் நஞ்சு இருப்பதால் மானும் மாடும் அதை மேய்ந்து குறைப்பதில்லை. இன்று இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளின் பரப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் அது இருப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

முதுமலையில் சாலையை விட்டு இறங்கி நூறு அடி நடந்து பாருங்கள். ஆளுயரத்துக்கு மேல் கொடி போலப் பின்னிக்கொண்டு நிற்கும். உள்ளே கையை விட்டால் முள் கீறும். அடியில் புல் இருக்காது, வெறும் மண்தான். யானைக்கும் காட்டெருதுக்கும் மானுக்கும் தீனி தந்த இடம் அது.

கோடையில் இந்தப் புதர் தீயின் குணத்தையே மாற்றிவிடுகிறது. புல்லும் சருகும் மட்டும் எரிந்தால் தீ முழங்கால் உயரம் போகும், சில நிமிடத்தில் கடந்துவிடும். அதுவே உண்ணிப்புதர் என்றால் தீ அதன்மேல் ஏணி ஏறுவதுபோல ஏறி, மரத்தின் கிளை வரை போகும், நின்று எரியும். தடித்த பட்டை உள்ள மரங்களே அதில் சாகின்றன. மரம் செத்தால் வெயில் தரையில் விழும். அந்த வெயிலில் முதலில் எழுவது யார்? அடியிலிருந்து பத்துப் பதினைந்து கிளையாகத் துளிர்க்கும் அதே உண்ணிச்செடிதான். அடுத்த தீக்கு இன்னும் அதிக எரிபொருள் தயார். ஆய்வாளர்கள் இதைத் தீ-உண்ணிச் சுழற்சி என்கிறார்கள்.

பழங்குடிகள் தீ வைத்ததால்தானே காடு கெட்டது?

இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கசாமி மலையில் சோளகர்கள் வாழ்கிறார்கள். நம் சத்தியமங்கலம் பக்கத்திலும் இருப்பவர்கள்தான். அவர்களிடம் ‘தரகு பெங்கி’ என்றொரு வழக்கம் இருந்தது. தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் நெருப்பு. ஜனவரி வாக்கில், சருகு முழுதாகக் காயாமல் தரையில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே, ஆங்காங்கே தீ வைப்பார்கள். அது மெதுவாக ஊர்ந்து போய்த் தானே அணையும். ஏப்ரலில் வரும் மூர்க்கமான தீக்கு அங்கே எரிய ஒன்றும் மிஞ்சாது. நெல்லி மரத்தில் ஒட்டியிருக்கும் புல்லுருவியும் அந்தத் தீயில் கட்டுப்பட்டது என்பது அவர்களுடைய அனுபவம். நெல்லிக்காய் அவர்களுக்கு வருமானம், அதனால் ஒவ்வொரு மரத்தையும் கவனித்திருக்கிறார்கள்.

1974-இல் அந்த மலை வனவிலங்கு சரணாலயம் ஆனது. தீ வைப்பது குற்றமானது, காட்டைத் திருத்தி இடம் மாற்றி மாற்றிப் பயிரிடும் புனங்காடும் நின்றுபோனது. அதன்பிறகு நடந்ததற்கு அளவு இருக்கிறது. 1997-இல் காடு முழுவதும் கட்டம் போட்டுப் பார்த்த இடங்களில் 41 சதவீதத்தில் உண்ணிச்செடி இருந்தது. 2008-இல் அதே இடங்களைப் பார்த்தபோது 81 சதவீதம். செடி சிறிதாக இருக்கும்போதே பழைய சருகுத்தீ அதைப் பொசுக்கியிருக்கும், அதை நிறுத்தியதால்தான் இப்படிப் பெருகிவிட்டது என்கிறார்கள் சோளகப் பெரியவர்கள். இது ஒன்று மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அடிக்கடி எரியும் முதுமலையிலும் உண்ணி இருக்கிறதே. ஆனால் அந்தப் பெரியவர்களைக் கேட்காமல் சட்டம் போட்டது தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

காட்டில் தீயை முழுக்க ஒழித்துவிட வேண்டும் என்ற எண்ணம் வெள்ளையர் காலத்தில் வந்தது. அவர்களுக்கு மரம்தான் வருமானம். 1882-இன் சென்னை வனச்சட்டத்திலேயே ஒதுக்குக்காட்டில் தீ வைப்பது குற்றம். ஆனால் அவர்களுக்குள்ளேயே மாற்றுக் கருத்து எழுந்தது. பர்மாவின் தேக்குக் காடுகளில் வேலை பார்த்த ஸ்லேடு என்ற வன அதிகாரி, தீத்தடுப்பு அளவுக்கு மீறிப் போய்விட்டது, அதனால் தேக்கு முளைக்காமல் போகிறது என்று 1896-லேயே எழுதினார்.

இன்னொரு திருப்பமும் உண்டு. 2006-இன் வன உரிமைச் சட்டப்படி, பிலிகிரி ரங்கசாமி மலையின் சோளகர் கிராம சபைகளுக்கு 2011-இல் சமூக வன உரிமை, அதாவது ஊரே கூட்டாகக் காட்டைப் பயன்படுத்திக் காக்கும் உரிமை, கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றில் அப்படிக் கிடைத்தது அதுவே முதல் முறை.

அப்படியானால் மறுபடி தீ வைத்தால் உண்ணி ஒழியுமே?

ஒழியாது. சருகுத்தீ முழங்காலுக்குக் கீழே இருக்கும் கன்றைக் கொல்லும். இன்று நிற்பது ஆளுயரப் புதர். அதில் தீ வைத்தால் முன்பு சொன்ன சுழற்சியைத்தான் நம் கையால் சுற்றிவிடுகிறோம். முதலில் கையால் எடுக்க வேண்டும், புல் திரும்ப வேண்டும். அதன்பிறகு எந்த மாதம், எந்தச் சரிவில், எவ்வளவு என்று அந்த ஊர் மக்களோடு உட்கார்ந்து முடிவு செய்யும் சிறு தீக்கு இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். தனி ஆட்கள் தீப்பெட்டியோடு காட்டுக்குள் போவதற்கு எந்தக் காலத்திலும் இடமில்லை.

உண்ணிச்செடியை எப்படி எடுப்பது?

வெட்டினால் போகாது. அரிவாளால் வெட்டிய செடி ஒரே மழையில் முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். ஜேசிபி விட்டுப் பிடுங்கினால் மண் கிளறப்பட்டு, புதைந்திருந்த விதையெல்லாம் முளைக்கும்.

தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு உருவாக்கிய வேர் வெட்டும் முறையைத்தான் நாங்கள் பின்பற்றுகிறோம். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நீளக் கழியால் கிளைகளைத் தூக்கிப் பிடிப்பார். அடுத்தவர் குனிந்து, தண்டு மண்ணுக்குள் இறங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார். துளிர்க்கும் சக்தி முழுவதும் அந்தக் கழுத்தில்தான் இருக்கிறது. மண்ணுக்குள் இரண்டு விரற்கடை ஆழத்தில், கழுத்துக்குக் கீழே ஆணிவேர்மீது குந்தாலியைச் சாய்வாகப் போட வேண்டும். சரியாக விழுந்தால் ஒரே போடில் ‘டக்’கென்று விட்டுக்கொடுக்கும். பிறகு செடியைத் தூக்கி, வேர் வானத்தைப் பார்க்கும்படி அதே இடத்தில் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். வேர் மண்ணைத் தொட்டால் பிழைத்துக்கொள்ளும்.

பூப்பதற்கு முன்பு எடுப்பது நல்லது. மழை பெய்து மண் இளகியிருந்தால் கைக்கு வேலை பாதி. எடுத்த இடத்தில் புல் விதை தூவ வேண்டும், இல்லாவிட்டால் அந்த வெற்றிடத்தில் வேறு களை வந்து உட்காரும். அப்புறம், அடுத்த மழைக்கும் அதற்கடுத்த மழைக்கும் திரும்பப் போக வேண்டும். முக்கியமாகப் பெரிய மரங்களுக்கு அடியில் பாருங்கள். பறவைகள் கிளையில் உட்கார்ந்து எச்சமிடுவதால் புதுக்கன்றுகள் அங்கேதான் கும்பலாக முளைக்கும். முதலாண்டு எடுத்ததும் படம் பிடித்துப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிற திட்டங்களை நிறைய பார்த்துவிட்டேன். மூன்றாம் ஆண்டு அந்த இடம் பழையபடி ஆகிவிடும்.

எடுத்த செடியை வைத்து என்ன செய்வது?

மரச்சாமான், கூடை, விறகுக்கட்டி என்று பல வேலைகள் நடக்கின்றன. கூடலூர்ப் பக்கத்தில் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், சோளகர் கைவினைஞர்கள் உண்ணித் தண்டுகளை வளைத்து ஆளைவிட உயரமான யானைகள் செய்கிறார்கள். 2021-இல் அந்த யானைக்கூட்டம் லண்டன் பூங்காக்களில் நின்றது. உண்ணியைப் போலவே வெளியிலிருந்து வந்து, வயநாட்டிலிருந்து முதுமலைக்குள் பரவிய மஞ்சள் பூ சென்னா மரத்தைக் காகிதக் கூழுக்காகத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் எடுத்துப்போகிறது. கூலி கிடைக்கும் எந்த வழியும் நல்லதுதான்.

இவ்வளவு பாடு எதற்கு? ஆயிரம் மரக்கன்று நட்டால் போதாதா?

ஆரம்பத்தில் நாங்களும் அதைத்தான் செய்தோம். ஒரு ஜூன் மாதம், காட்டோரத்தில் உண்ணியை வெட்டிய இடத்தில், நர்சரியிலிருந்து வாங்கிய கன்றுகளை வரிசையாக நட்டோம். மழை நன்றாகப் பெய்தது, கன்றுகள் எழுந்தன, எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. மார்ச்சில் பக்கத்து வரப்பிலிருந்து தீ வந்தது. நாங்கள் போனபோது கன்றுகளுக்கு முட்டுக் கொடுத்த குச்சிகள்கூட இல்லை, வட்ட வட்டமாக வெள்ளைச் சாம்பல் மட்டும் இருந்தது. உண்ணி வேர்கள் மட்டும் ஏற்கெனவே துளிர்த்திருந்தன.

அடுத்த மழைக்கு அந்த இடத்தை மண்டியிட்டு ஆராய்ந்தபோது இன்னொன்று தெரிந்தது. நாங்கள் நடாத நெல்லியும் வேங்கையும் பழைய வேர்களிலிருந்து தானாகவே வந்துகொண்டிருந்தன. இலையுதிர் காட்டில் பெரும்பாலான இடங்களில் நட வேண்டிய தேவையே இல்லை. களையை எடுத்து, தீயையும் மேய்ச்சலையும் சில ஆண்டு தள்ளி வைத்தால் போதும், மிச்சத்தை வேர்களே பார்த்துக்கொள்ளும்.

நட்டே ஆக வேண்டிய இடம் எது?

தாய்மரமும் வேரும் விதையும் ஒன்றுமே மிஞ்சாத இடம். வால்பாறை நல்ல எடுத்துக்காட்டு. தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும் மழைக்காடுகளில், இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் திவ்யா முத்தப்பா, டி.ஆர். சங்கர் ராமன் குழுவினர் 2000-ஆம் ஆண்டுவாக்கிலிருந்து வேலை செய்கிறார்கள். சாலையோரத்தில் விழுந்து வீணாகும் காட்டுமர விதைகளைப் பொறுக்கி, தங்கள் நாற்றங்காலில் வளர்த்து, களை எடுத்த இடத்தில் பல இனங்களைக் கலந்து நடுகிறார்கள். 7 முதல் 15 ஆண்டு கழித்து அளந்தபோது, சும்மா விட்ட இடங்களைவிட நட்ட இடங்களில் நிழலும் மர வகையும் மரங்கள் சேமித்த கார்பனும் கூடுதலாக இருந்தன.

ஊட்டிப் பக்கத்து மொட்டைப் புல்வெளியிலும் மரம் நடலாமா?

தயவுசெய்து வேண்டாம். அது மொட்டை நிலம் இல்லை. சாண்டிநல்லாச் சதுப்பின் மண்ணடுக்குகளை ஆராய்ந்ததில், நீலகிரி உச்சியில் புல் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது தெரிந்தது. அங்கே வெளிநாட்டுச் சீகையையும் (வாட்டில்) தைலமரத்தையும் நட்டதுதான் பாழாக்கிய வேலை. அங்கே மீட்பு என்பது அந்த மரங்களை எடுத்துவிட்டுப் புல்லை நடுவது.

வேறு நாடுகளில் எரிந்த காட்டை மீட்டிருக்கிறார்களா?

கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்தே பகுதியைச் சொல்வேன். மாட்டுப் பண்ணைக்காக வறண்ட காட்டை அழித்து, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஹராகுவா என்ற புல்லை விதைத்திருந்தார்கள். அது ஆளுயரம் வளர்ந்து ஆண்டுதோறும் எரியும். டேனியல் ஜான்சன், வின்னி ஹால்வாக்ஸ் இருவரும் 1980-களின் நடுவில் அங்கே தொடங்கிய வேலையில் முக்கியமானது நடவு இல்லை, தீயை நிறுத்தியதுதான். அதற்கு முன்பு அதே நிலத்தில் மாடு மேய்த்த பண்ணையாட்களையே சம்பளத்துக்குத் தீயணைப்புக் குழுவாக வைத்தார்கள். ஆரம்ப ஆண்டுகளில் புல் உயராமல் இருக்க மாட்டையே மேயவிட்டார்கள். காற்றில் பறந்துவரும் விதைகள் முதலில் முளைத்தன, பறவையும் விலங்கும் மற்றதைக் கொண்டுவந்தன. 1999-இல் அது உலகப் பாரம்பரியக் களமானது.

ஃபயர் லைன் என்பது என்ன?

தீ தாண்ட முடியாதபடி புல்லையும் சருகையும் அகற்றிய பட்டை நிலம். ஜனவரிக்குள் செய்து முடிக்க வேண்டும். தாமதமாகக் கூலிப் பணம் வந்தால் அந்த ஆண்டு காடு எரியும், அவ்வளவு நேரடியான கணக்கு இது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவைத்துறை செயற்கைக்கோள் மூலம் தீயைக் கண்டு குறுஞ்செய்தி அனுப்புகிறது. 375 மீட்டர் கட்டம் வரை துல்லியமாகச் சொல்லும். ஆனால் செய்தி வந்தபிறகு மலையேறிப் போய்ப் பச்சைத் தழையால் அடித்து அணைப்பது தீத்தடுப்புக் காவலர்தான். அணைத்தபிறகும் பட்ட மரத்தின் பொந்துக்குள் கங்கு இரண்டு நாள் கழித்துப் புகையும். அவர் அங்கேயே படுத்திருந்து காவல் காக்கிறார். தற்காலிகக் கூலிக்கு.

மலையேறும்போது தீ வந்தால்?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும், நம்மால் அதைவிட வேகமாக ஏற முடியாது. பக்கவாட்டில் விலகுங்கள். உயரப் புல்லுக்குள்ளும் ஒடுங்கிய பள்ளத்துக்குள்ளும் போகாதீர்கள். பாறையோ, ஏற்கெனவே எரிந்து முடிந்த இடமோ இருந்தால் அங்கே நில்லுங்கள். உருகி ஒட்டும் செயற்கைத் துணியைவிடப் பருத்தி நல்லது. தீப்பருவத்தில் அனுமதி இல்லை என்றால் அந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். புகையைப் பார்த்தால் வனச்சரக அலுவலகத்துக்கோ 101-க்கோ உடனே சொல்லுங்கள்.

எத்தனை ஆண்டில் காடு திரும்பும்?

மழைக்காட்டுக்கு நம் ஆயுள் போதாது. இலையுதிர் காடு கொஞ்சம் இரக்கம் காட்டும். எங்கள் கன்றுகள் எரிந்த அதே இடத்தில் மூன்று மழைக்குக் களை எடுத்தோம், வரப்புக்காரரோடு பேசி ஜனவரியிலேயே நடுவில் தீத்தடுப்புப் பட்டை வெட்டினோம். இரண்டாம் ஆண்டு புல் வந்தது. மூன்றாம் ஆண்டு புள்ளிமான் புழுக்கை கிடந்தது, யானை ஒருநாள் வந்து புல்லைப் பிடுங்கி முழங்காலில் தட்டி மண் உதிர்த்துத் தின்றுவிட்டுப் போயிருந்தது. போன மாதம் போனபோது பழைய வேரிலிருந்து எழுந்த வேங்கைக் கன்று ஒன்று என் தோளுக்கு வந்திருந்தது. அடிமரம் இன்னும் கட்டைவிரல் பருமன்தான். இன்னும் நாலைந்து கோடையாவது அதன் பக்கம் தீ வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.